எங்கள் செவலைக்கு வாங்கிய பவானி ஜமக்காளம்

வயதான நாய்க்குப் படுக்கை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்கப் போகிறவர்களும் படிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தது செவலை என்கிற நாட்டு நாய்தான்.

செவலைக்குப் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. டைல்ஸ் தரையில் எழ முயன்றால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து சறுக்கும். வெறுந்தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் முடி உதிர்ந்து, தோல் காய்த்துப்போயிருந்தது. காலுக்குப் பிடிமானம் கிடைக்கிற மாதிரி எதையாவது விரியுங்கள் என்றார் கால்நடை மருத்துவர். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் உடனே ஒரு மெத்தை வரவழைத்தான். வட்ட வடிவம், சுற்றிலும் உயர்ந்த கரை, உள்ளே நுரை. பார்க்க அழகுதான். அந்தக் கரையைத் தாண்டிக் காலெடுத்து வைக்கச் செவலையால் முடியவில்லை. சித்திரை வெயிலில் நுரை கொதித்தது. உறையின் ஜிப் முதல் சலவையிலேயே பல்லிளித்துவிட்டது.

ஆடி அமாவாசைக்குக் காவிரியும் பவானி ஆறும் சேரும் கூடுதுறையில் மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பவானியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிறார்கள். எத்தனை பேர் உட்காருவதற்கு என்று நெசவாளர் கேட்டார். நாய்க்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. செயற்கைப் பட்டுநூல் கலந்து பூவேலை செய்ததை நான் கையில் எடுத்தபோது, “அது வேண்டாங்க அம்மா, நகம் மாட்டும்” என்று சொல்லி, முரட்டுப் பருத்தியில் சிவப்பும் நீலமும் பட்டை போட்ட பழைய மாதிரியை எடுத்துப் போட்டார். கடைக்காரராக இருந்திருந்தால் விலை கூடியதைத்தான் காட்டியிருப்பார்.

விரித்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. நூலின் முரட்டுத்தனத்தில் நகம் பதிந்து, செவலை சறுக்காமல் எழுந்து நின்றது. பருத்தி என்பதால் சூடு ஏறுவதில்லை. இரண்டு முகமும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். எலும்பு துருத்திய நாய்க்கு ஒற்றை மடிப்பு போதாது, நான்காக மடித்து விரியுங்கள். குறைகளும் உண்டு. முடி நெசவுக்குள் ஏறிக்கொண்டால் உதறி எடுப்பதற்குள் தோள் வலிக்கும். நனைந்தால் ஒருவர் தூக்க முடியாத கனம். முதல் சலவையில் சிவப்பு கொஞ்சம் இறங்கியது, வேறு துணியோடு ஊறவைக்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. மெத்தை நாய்க்கு மட்டுமானது. ஜமக்காளத்தில் எனக்கும் இடம் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றியதும் அதிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். நாமம் சொல்ல ஆரம்பித்தால் என் மனம் கரண்ட் பில், மருமகள், பால்காரர் பாக்கி என்று ஊர் சுற்றப் போய்விடும். செவலையின் விலாவில் கை வைத்துக்கொண்டு, அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னால் போவதில்லை. எத்தனையோ கோவில் படி ஏறியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது. தபால்காரராக இருந்து ஊர் நாய்களுக்கெல்லாம் பயந்து சைக்கிள் மிதித்த என் கணவரும் இப்போது செய்தித்தாளோடு அங்கேதான் வந்து உட்காருகிறார். அவருடைய பாதத்தின் மேல் தலையை வைத்துத்தான் செவலை தூங்கும்.

மாமியார்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பந்தி வந்தால் விரிப்பது, ஊர்ப் பெரியவர்கள் வந்தால் விரிப்பது, அதை நாய்க்கா என்றார். பைரவர் வாகனம்தானே அத்தை என்றேன். வாகனத்துக்கு வாசலில் சோறு வை, போதும் என்றார். அந்த அத்தைதான் இப்போது காலையில், “செவலைக்கு வெயில் வந்துவிட்டது பார், நிழலுக்கு இழுத்துப் போடு சாமி” என்று உள்ளே இருந்து குரல் கொடுக்கிறார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே அந்தப் பெயர் என்கிற பாதுகாப்பு, கிடைத்தது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரில் விற்கப்படுகின்றன. அவை மெல்லியவை, நாயின் கீறலுக்குத் தாங்கா. தறி ஓடும் வீட்டிலோ கூட்டுறவு நெசவாளர் சங்கத்திலோ வாங்குவது நல்லது. நாயை மட்டும் அளந்து வாங்காதீர்கள், ஆறடியாவது இருக்கட்டும்.

அடுத்த அமாவாசைக்குப் போகும்போது பச்சைப் பட்டை போட்டது இன்னொன்று வாங்கி வர வேண்டும். அது மாமியாருக்கு. செவலைக்குப் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.