எமுலேட்டரில் ப்ரோட்ராக்கர்: எல்லாம் சரி, சுரம் மட்டும் ஒரு வரி கீழே

பழைய அமிகா கணினியின் வட்டுகளையெல்லாம் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எமுலேட்டரில் (இன்றைய கணினியில் அந்தப் பழைய இயந்திரத்தைப் போலச் செய்யும் மென்பொருளில்) ப்ரோட்ராக்கரை (சுரங்களை வரி வரியாக இட்டு இசையமைக்கும் ‘ட்ராக்கர்’ வகை அமிகா நிரலை) ஓட்டி உண்மையாகவே இசையமைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நெடுங்காலமாக அதை ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் ‘முடியும்’ என்று எழுதத் தொடங்கி, அந்தச் சொல்லை அப்படியே அனுப்ப மனம் வராததால் இந்தப் பகிர்வு நீண்டுவிட்டது. கிக்ஸ்டார்ட் ரோம் (அமிகாவைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), ஏடிஎஃப் கோப்பு (வட்டின் கோப்பு நகல்), சிப் நினைவகம் (ஒலி, படச் சிப்புகள் நேரடியாக அணுகும் நினைவகம்) ஆகியவை படிப்பவருக்குத் தெரிந்தவை என்றே கொள்கிறேன். எந்த எமுலேட்டர் என்று நான் சொல்லப்போவதில்லை. என் குறை ஒன்றின் மீதானதன்று, அந்த வகை மென்பொருள் அனைத்தின் கட்டமைப்பிலும் இருப்பது.

குறை இதுதான். வேகம் 6, டெம்போ 125 என்ற இயல்பு அமைப்பில் ப்ரோட்ராக்கரின் ஒரு டிக், அதாவது அதன் நேரக்கணக்கின் சிற்றலகு, 20 மில்லி வினாடி நீளும். ஆறு டிக் சேர்ந்தால் ஒரு வரி, ஆகவே ஒரு வரிக்கு 120 மில்லி வினாடி. பாட்டர்ன் (64 வரி கொண்ட சுரப் பட்டியல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு நிலையில் வைத்து விசையை அழுத்தினால், காதில் எந்த வரி ஒலிக்கிறதோ அந்த வரியில் சுரம் அமர வேண்டும். எமுலேட்டரில் அது பெரும்பாலும் அடுத்த வரியில்தான் அமர்கிறது. தாளத்தோடு கச்சிதமாகத் தட்டிய ஸ்னேர் முரசொலியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டால், அது தாளம் தப்பிய கூட்டத்தின் கைதட்டலைப் போல ஒலிக்கிறது.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டபின் எரிச்சல் குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. அசல் அமிகாவில் எழும் ஒலிக்கும் நம் காதுக்கும் நடுவே காத்திருப்புக் கூடம் எதுவும் கிடையாது. பவுலா என்ற அதன் ஒலிச் சிப், சிப் நினைவகத்திலிருந்து 8 பிட் சாம்பிளை (பதிந்து வைத்த ஒலித்துண்டை) நேரடியாக எடுத்து, நான்கு சேனல்களின் வழியே அப்போதே வெளியே தள்ளிவிடும். எமுலேட்டரோ ஒரு படச்சட்டத்திற்கு உரிய வேலையை மொத்தமாகச் செய்து, அதன் ஒலியை ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) கொட்டி, அதை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சட்டத்திற்குப் போய்விடுகிறது. வினாடிக்கு 48,000 சாம்பிள் (இங்கே ஒலியின் ஒற்றை அளவீடு) என்ற கணக்கில் 4096 சாம்பிள் கொண்ட பஃபர் ஏறத்தாழ 85 மில்லி வினாடியை விழுங்குகிறது. அதாவது என் காதுக்கு எட்டுவது 85 மில்லி வினாடிக்கு முன் அந்த இயந்திரம் வாசித்தது. நான் கேட்ட தாளத்திற்குச் சரியாக விசையைத் தட்டும் வேளையில் உள்ளே இருக்கும் ப்ரோட்ராக்கர் அந்த அளவு முன்னே போயிருக்கிறது. விசைப்பலகையைச் சட்டத்திற்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் எமுலேட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் இன்னும் 20 மில்லி வினாடி வரை கூடும். சுரத்தை அருகிலுள்ள வரிக்குத் தள்ளும்படி குவாண்டைஸ் என்ற வசதியை வைத்திருந்தால் பாதி வரி, அதாவது 60 மில்லி வினாடி தாண்டினாலே சுரம் கீழே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஸ்னேருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

‘பஃபரைக் குறையுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். குறைக்கலாம்தான். 1024 சாம்பிளுக்கு இறக்கினால் தாமதம் 21 மில்லி வினாடி அளவுக்கு வந்துவிடும். ஆனால் பின்னணியில் வேறொரு நிரல் சற்றே விழித்துக்கொண்டாலும் ஒலி கரகரக்கத் தொடங்கும். ஒரு சுழற்சி கூடப் பிசகாமல் சிப்புகளைப் போலச் செய்யும் துல்லிய நிலை செயலியை வெகுவாக வாட்டுவது. கரகரப்பைத் தவிர்க்க அதைத் தளர்த்தினால், துல்லியத்திற்காக எமுலேட்டரைத் தேடி வந்ததன் பொருள் என்ன என்ற கேள்வி எழுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோடு படத்தை ஒத்திசைக்கும் வசதியை இயக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் பால் (PAL) எனும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான அமிகா 50 ஹெர்ட்ஸில் நடப்பது; எமுலேட்டர் அதைத் திரையின் வேகத்திற்கே ஓட்டினால் படச்சட்டத்தை நம்பி நேரம் கணிக்கும் பழைய பாடல்கள் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். புளூடூத் ஹெட்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் தாமதம் மட்டுமே ஒரு வரியைத் தாண்டிவிடக்கூடியது.

நியாயமாகச் சொல்வதென்றால், இந்தக் குறை பாடலை ஓடவிட்டுக்கொண்டே வாசிப்பவரை மட்டுமே வதைக்கிறது. பாட்டர்னை நிறுத்திவைத்து, 64 வரிகளிலும் சுரங்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்பவருக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை; எண்களின் பதினாறடிமான (0 முதல் F வரை எண்ணும்) வரிசையில் ஒலி எப்படி உருவாகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுவதுதான் 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி வெளியிட்ட அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கரிலிருந்து தொடர்ந்து வரும் இந்த மரபின் அடிப்படை. அந்த வேலைக்கு எமுலேட்டர் அசலைவிடச் சுகமானது என்பதை மறுக்க மாட்டேன். என் கணினியின் ஒரு கோப்புறையையே அமிகாவின் வட்டியக்கியாக இணைத்துவிட முடிகிறது. புதிதாகப் பதிந்த ஒலியை 8 பிட்டுக்கு மாற்றி அதில் போட்டால், ப்ரோட்ராக்கரின் பட்டியலில் உடனே தோன்றிவிடுகிறது. 880 கிலோபைட் வட்டைச் செருகி, எடுத்து, மறுபடி செருகும் வேலை இல்லை. பாதியில் நிறுத்திய இயந்திரத்தின் மொத்த நிலையையும் சேமித்து, மறுநாள் அதே வரியிலிருந்து தொடரலாம்.

நான் சற்றும் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு: ஒலி வடிகட்டி. அமிகா 500-இல் உயர் அதிர்வெண்களை மழுக்கும் நிரந்தர வடிகட்டி ஒன்றும், இயந்திரத்தின் மின்விளக்கோடு பிணைக்கப்பட்டு நிரலால் இயக்கவும் அணைக்கவும் கூடிய இன்னொன்றும் இருந்தன. அமிகா 1200-இல் அந்த முதல் வடிகட்டியின் தாக்கம் காதில் அவ்வளவாகப் படாது. ஆகவே ஒரே பாடல் இரண்டு இயந்திரங்களிலும் வெவ்வேறு முகம் காட்டும். எமுலேட்டரில் இந்த இரண்டையும் ஒரு தேர்வுப் பட்டியலிலேயே மாற்றிக்கொள்ளலாம். பாட்டர்னில் E00 என்று எழுதினால் விளக்கு வடிகட்டி இயங்குவதும் E01 என்றால் விலகுவதும் அப்படியே நடக்கின்றன. நடுத்தர சி சுரத்திற்கு வினாடிக்கு 8,287 சாம்பிள் என்ற அளவிலேயே ஒலிக்கும் ஒரு சாம்பிள், வடிகட்டி இல்லாமல் கேட்கும்போது கண்ணாடித் துகள் சிதறுவது போன்ற ஒரு கூர்மையைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. அந்தக் கூர்மையை ஒரு வரியில் மறைத்து அடுத்த வரியில் திறப்பதையே ஓர் இசைக்கருவியாகக் கையாளலாம் என்பதை அசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு நான் யோசித்ததே இல்லை. இரண்டு சேனல் முழுக்க இடப்பக்கம், இரண்டு முழுக்க வலப்பக்கம் என்ற பழைய பிரிப்பு ஹெட்போனில் தலைவலி தருவதால், அதை மென்மையாக்கும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு இசையமைக்காதீர்கள்: வேறொருவர் அசல் அமிகாவில் அந்த மாட் கோப்பை (ட்ராக்கர் பாடல் கோப்பை) ஓடவிட்டால் உங்கள் சமநிலை முழுவதும் குலைந்து கேட்கும்.

விசைகளைப் பற்றியும் ஒரு சொல். ப்ரோட்ராக்கர் ஓட்டுவதற்கும் பதிவதற்கும் விசைப்பலகையின் வலப்பக்க விசைகளை நம்பியிருக்கிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அவற்றில் ஒன்றிரண்டு இருப்பதே இல்லை. வேறு விசைக்கு மாற்றி வைக்கலாம், ஒருமுறை செய்தால் போதும். இதைப் பெரிய குறையாக எண்ணவில்லை.

ஆகவே, நண்பரே, துல்லியத்திற்கும் வசதிக்கும் தாராளமாக மதிப்பெண் தருகிறேன்; அந்த வடிகட்டிக்கு முழு மதிப்பெண். அப்படியிருந்தும் உங்களுக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. நீங்கள் கீபோர்டு வாசித்துப் பழகியவர், ஓடும் தாளத்தின் மேல் தட்டித்தான் எழுதுவீர்கள். மில்கிட்ராக்கர் போன்ற இக்காலத்து ட்ராக்கர் ஒன்றில் சிறிய பஃபரை வைத்து எழுதி, மாட் கோப்பாகச் சேமித்து, அது அமிகாவில் எப்படி ஒலிக்கும் என்று பார்க்க மட்டும் எமுலேட்டரைத் திறங்கள். அங்கும் சாம்பிள்களை 64 கிலோபைட்டுக்குள் வைத்துக்கொள்வதும் நான்கு சேனலைத் தாண்டாமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு. நான் மாறப்போகிறேனா என்று கேட்காதீர்கள். இன்று காலையும் ஒரு பாட்டர்ன் முழுக்கச் சுரங்களை ஒரு வரி மேலே நகர்த்தினேன்.