விளக்கக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ? எங்கட தண்ணியை வச்சே பாப்பம்

ஓ.எல் (சாதாரண தரச் சோதினை) எடுக்கிற பிள்ளையள் கனபேர் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறதைக் காணேக்க உண்மையா மனவருத்தமாக் கிடக்கு, நல்லா எழுதக்கூடிய பிள்ளையள்கூட தலைப்பு என்ன கேக்குதெண்டு பாக்காமல் தெரிஞ்சதெல்லாத்தையும் கொட்டிப்போட்டு வந்திடுதுகள்.

"யாழ்ப்பாணக் கிணறுகள் உவராவது எவ்வாறு?" எண்டு வந்தால் அது விளக்கம். இங்க வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும், மாரிமழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கித் தேங்குது, நல்லதண்ணி பாரம் குறைவெண்டபடியால் உப்புத்தண்ணிக்கு மேல நிக்குது, மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். ஒண்டுக்கு ஒண்டு காரணமா இப்பிடி வரிசையா வரவேணும். ஆரில பிழை, என்ன செய்யவேணும் எண்ட கதை இதுக்க வேண்டாம்.

"இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் குடுக்கவேணும்" எண்டால் அது விவாதம். இரணைமடு கிளிநொச்சியில இருக்கிற பெரிய குளம். முதல் பந்தியிலேயே நீங்கள் ஒரு பக்கம் நிக்கவேணும், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கெண்டு நழுவுறது சரிவராது. இதில கஷ்டம் மற்றப் பக்கத்தை எழுதுறதுதான். கிளிநொச்சிக் கமக்காரர் சும்மா எதிர்க்கேல்ல, அவையின்ர சிறுபோகம், அதாவது மாரிமழை இல்லாத காலத்து நெல்லு, அந்தக் குளத்தை நம்பித்தான் கிடக்கு, தண்ணி காணாத வருசம் வயல் காயும். அதை அவையே வந்து சொல்லுற மாதிரிப் பலமா எழுதிப்போட்டுத்தான் பதில் சொல்லவேணும், நோஞ்சானாக் காட்டி வெல்லுறது வாதமே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்கிற நிலையம் 2024 இல திறந்தது, அதால குளத்தைத் தொடத் தேவையில்லை எண்டு ஒராள் வாதிக்கலாம், அதுக்குக் கரண்ட் செலவு கூட எண்டு மற்றாள் மறுக்கலாம். விளக்கக் கட்டுரையில அதே நிலையம் வந்தால் உப்பை எப்பிடிப் பிரிக்குது எண்டதோட நிப்பாட்டுங்கோ.

சந்தேகமெண்டால் உங்கட முக்கியமான வசனத்தை ஒரு வரியில எழுதிப் பாருங்கோ. விசயம் தெரிஞ்ச ஒராளே "இல்லை, நான் ஒத்துக்கொள்ளமாட்டன்" எண்டு நியாயத்தோட சொல்லலாமெண்டால் அது விவாதம்.

என்னைக் கேட்டால் முதல்ல விளக்கத்தைத்தான் பழக்கவேணும், உப்பு ஏன் ஏறுதெண்டு சொல்லத் தெரியாத பிள்ளை இரணைமடுவைப் பற்றி வாதாடினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். ரியூசன் நோட்ஸைப் பாடமாக்கினாலும் இது வராது.

தலைப்பில "வேண்டும்", "ஏற்கிறீரா" எண்டிருந்தால் விவாதம், "எவ்வாறு", "காரணங்கள்" எண்டிருந்தால் விளக்கம். வெறுமனே "நிலத்தடி நீர்" எண்டு மட்டும் வந்தால் ரெண்டில ஒண்டை நீங்களே தெரிஞ்செடுத்து கடைசி வரி வரைக்கும் அதையே பிடிச்சுக்கொண்டு போங்கோ.