வெப்லொஜிக்குக்கு முன்னால் டொம்கேட் 9: திருகோணமலை ஹோட்டல் முன்பதிவுக்குச் சரிவருமா?

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே தொடங்கினால் செப்டெம்பர் வரை சீசன். முன்பதிவு மென்பொருளுக்கும் அப்போதுதான் மூச்சு வாங்கும். கொழும்புத் தலைமையகத்தில் ஒராக்கிளின் அப்ளிகேஷன் சேர்வரான வெப்லொஜிக் 12.2.1 ஓடுகிறது, அறை, கட்டணம், கழிவு (தள்ளுபடி) எல்லாம் அதற்குள் ஈஜேபியாக, அதாவது வெளியிலிருந்து அழைக்கக்கூடிய ஜாவாக் கூறுகளாக, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலைப்பக்கங்களை மட்டும் இலவச ஜாவா வலைச் சேர்வரான டொம்கேட்டுக்கு மாற்றலாமா? மாற்றலாம். டொம்கேட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. கரைச்சலெல்லாம் இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான்.

வெப்லொஜிக்கின் சொந்த சேர்வ்லெட் எஞ்சினை, அதாவது ஜாவா வலைப்பக்கங்களை ஓட்டும் பகுதியை, கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்ட வழியில்லை. ஜேபொஸ் என்ற வேறொரு சேர்வரின் பழைய 3ஆம் பதிப்புகள் ஜெட்டி என்ற எஞ்சினோடும் வந்தன, டொம்கேட்டோடும் வந்தன, விரும்பியதை எடுக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது. டொம்கேட் தனி ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் சூழல்) ஓடி, வெப்லொஜிக்கின் சொந்தத் தொடர்பு முறையான டீ3 புரோட்டகோலில் வெப்லொஜிக்கோடு கதைக்க வேண்டும். பதிப்பு 9இலேயே நில்லுங்கள். 10இலிருந்து சேர்வ்லெட் வகுப்புகளின் பெயர் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டது. பழைய பக்கங்கள் அப்படியே ஏறாது.

இணைக்கத் தேவையான ஜார் (ஜாவா வகுப்புகளை அடக்கிய கோப்பு) சிறியது. வெப்லொஜிக் நிறுவிய இடத்தில் சேர்வர் அடைவின் லிப்புக்குள் மெலிந்த டீ3 கிளையன்ட் ஜார் இருக்கும், அதை எடுத்துப் போட்டால் போதும். பெரிய வெப்லொஜிக் ஜாரைத் தனியே பிரதி எடுக்காதீர்கள். அது பக்கத்திலுள்ள வேறு ஜார்களை நம்பி நிற்பது; இடம் மாறினால் வகுப்பைக் காணவில்லை என்று விழும். ஈஜேபி இடைமுக ஜாரும் ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருக்கட்டும். ஒரே வகுப்பை இரண்டு கிளாஸ்லோடர்கள் (வகுப்புகளை நினைவகத்துக்குக் கொண்டுவருபவை) ஏற்றினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜாவா அவற்றை வேறு வேறாகவே பார்க்கும்.

இனித்தான் உண்மையான ஆபத்து. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இனிஷியல் கொன்டெக்ஸ்ட் (வெப்லொஜிக்கோடு கதைக்கத் தொடங்கும் பொருள்) உருவாக்கினால், வெப்லொஜிக் கிளையன்ட் அந்த அடையாளத்தை அப்போது ஓடும் த்ரெட்டோடு (கோரிக்கையை நிறைவேற்றும் இழை) ஒட்டிவிடும். அதை குளோஸ் செய்யும்போதுதான் அடையாளம் கழரும். டொம்கேட்டிலோ த்ரெட்கள் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படும். அமைப்பை மாற்றாவிட்டால் த்ரெட்களின் உச்சம் 200. முகாமையாளரின் வேலையை முடித்த த்ரெட்டில் குளோஸ் விடுபட்டால், அடுத்து அதே த்ரெட்டில் வரும் வரவேற்பு மேசைக் கோரிக்கை முகாமையாளரின் அதிகாரத்தோடு ஓடக்கூடும். பிழைச் செய்தியும் வராது, லொக்கிலும் ஒன்றும் இராது. கழிவு வீதம் மாறிக் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

அதனால் கொன்டெக்ஸ்டை ஒரு ஃபில்டரில் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் நிரல்) திறந்து, அதே ஃபில்டரின், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் மூடுங்கள். ஈஜேபி அழைப்பு முடியுமுன் மூடினால் அழைப்பு பெயரற்ற பயனராகப் போகும். ஒரே கொன்டெக்ஸ்டைத் திறந்து எல்லோருக்கும் பொதுவாக வைத்தாலும் அதே கதைதான், அடையாளம் திறந்த த்ரெட்டில் மட்டுமே நிற்கும். சோதிக்க இலேசான வழி ஒன்று உண்டு: டொம்கேட் கனெக்டரில் மெக்ஸ்த்ரெட்ஸை, அதாவது த்ரெட்களின் உச்சத்தை, 1 ஆக்குங்கள். ஒரு பிரவுசரில் முகாமையாளராக ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, இன்னொரு பிரவுசரில் சாதாரண ஊழியராக முகாமையாளருக்கு மட்டுமான வேலையைச் செய்து பாருங்கள். நடந்தால் எங்கோ மூடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒரே பயனரை வைத்துச் சோதித்தால் இது ஒருநாளும் வெளிவராது.

அடுத்தது குக்கி, பயனரை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. இரண்டு சேர்வர்களும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரையே பாவிக்கின்றன. வெப்லொஜிக் இயல்பாக அதை முழுத் தளத்துக்கும் எழுதும். டொம்கேட் தன் அப்ளிகேஷன் பாதைக்கு மட்டும். ஒரே ஹோஸ்ட்பெயரில் பழைய நிர்வாகப் பக்கம் வெப்லொஜிக்கிலும், புதிய முன்பதிவு டொம்கேட்டின் ரூட்டிலும் (தளத்தின் மூலப் பாதை) இருந்தால் ஒன்று மற்றதை அழிக்கும். இங்கே சொடுக்கினால் அங்கே லொக்அவுட். போர்ட் வேறாக இருப்பதும் உதவாது, குக்கி போர்ட்டைப் பார்ப்பதில்லை. டொம்கேட்டின் கொன்டெக்ஸ்ட் கோப்பில் செஷன்குக்கிநேம் என்ற பண்பில் வேறு பெயர் கொடுத்தால் தீர்ந்தது.

டொம்கேட்டை எங்கே வைப்பது? திருகோணமலைக் கிளையில் வைத்தால் வேகம் என்று பலர் நினைப்பார்கள். கணக்கு மறுபக்கம் நிற்கிறது. ஒரு பக்கம் 20 ஈஜேபி அழைப்புகள் செய்தால், கொழும்புக்குப் போய்வர ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் 600 மில்லிசெக்கன் வீதியிலேயே போய்விடும். டொம்கேட் வெப்லொஜிக்குக்குப் பக்கத்தில் இருந்தால் இங்கிருந்து போய்வருவது பக்கமும் படங்களும்தான். கிளையில் கரண்ட் போனாலும் இணையத்தில் வரும் முன்பதிவு நிற்காது.

வெப்லொஜிக் இயந்திரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி இருந்தால் லிசன் அட்ரஸை (இணைப்புகளை ஏற்கும் முகவரி) வெறுமையாக விடாதீர்கள். முதல் இணைப்பு சரியாக வந்து, அதன் பிறகு ஸ்டப் (டொம்கேட் பக்கத்தில் ஈஜேபிக்குப் பதிலாக நிற்கும் பொருள்) கையில் கொடுக்கும் முகவரி டொம்கேட்டால் எட்ட முடியாததாக இருக்கலாம், பக்கம் தொங்கும். டீ3 சீரியலைஸ் செய்த, அதாவது பைட்களாக மாற்றிய, ஜாவா பொருள்களைக் கொண்டுபோவது. அந்த வழியில் வந்த பாதுகாப்பு ஓட்டைகளில் சிவிஇ-2015-4852 என்ற எண்ணுள்ளது பேர்போனது. ஆகவே யார் இணையலாம் என்று தீர்மானிக்கும் வெப்லொஜிக்கின் கனெக்ஷன் ஃபில்டரில் டொம்கேட்டின் ஐபிக்கு மட்டும் டீ3ஐத் திறந்து, அதற்குக் கீழே மற்ற எல்லோருக்கும் மூடுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

விருந்தினர் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ தட்டினால் சிதைந்து சேமிக்கப்படுகிறதா? டொம்கேட் 9 முகவரி வரியை யூடிஎஃப்-8ஆக வாசிக்கும், படிவத்தின் உள்ளடக்கத்தை அப்படி வாசிக்காது. அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் ரிக்குவெஸ்ட் கரெக்டர் என்கோடிங் ஒரு வரி போதும்.

பக்கம் காட்டுவது, படிவம் வாங்குவது என்ற அளவில் நின்றால் டொம்கேட் 9ஐத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் டொம்கேட்டின் டேட்டாசோர்ஸ் (தரவுத்தள இணைப்பு) வழியாக ஒரு பதிவு, ஈஜேபி வழியாக ஒரு பதிவு, இரண்டும் ஒன்றாக நிற்கவோ ஒன்றாக விழவோ வேண்டும் என்றால் வேண்டாம். பல பதிவுகளை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டும் ஜேடீஏ டொம்கேட்டில் இல்லை. அதன் டேட்டாசோர்ஸ் வெப்லொஜிக்கின் பரிவர்த்தனையில் தானாகச் சேராது. அறை பதிவாகிக் காசு பதிவாகாமல் போகலாம். அந்த இரண்டு பதிவுகளையும் ஈஜேபிக்குள்ளேயே நகர்த்த முடியாதவர்கள் பக்கங்களையும் வெப்லொஜிக்கிலேயே விட்டுவைப்பது நல்லது. மாற்றுவதாக முடிவெடுத்தவர்கள் நவம்பர் மழையில், அறைகள் காலியாகக் கிடக்கும்போது செய்யுங்கள்.