பாளையங்கோட்டையில் என் தலையை நிறுத்திய டாக்டர்

இந்தத் தடவை ஊர்ப் பயணத்தில் விமானம், பெட்டி, பேங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வந்தது என் தலைசுற்றலையும், பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் எனக்காக ஒரு இரும்புக் கட்டிலை இழுத்துப் போட்டதையும் பற்றி.

டொராண்டோவில் இருக்கும்போதே எனக்கு இது உண்டு. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறை சுற்றும். மேல் அலமாரியில் டப்பா எடுக்க அண்ணாந்தால் சுற்றும். அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். சுற்றல் நின்றாலும் குமட்டல் மத்தியானம் வரை விடாது. அங்கே குடும்ப டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். காதுக் கோளாறு மாதிரி இருக்கிறது என்று சொல்லி பீட்டாஹிஸ்டின் எழுதிக் கொடுத்தார், காது டாக்டருக்குக் கடிதமும் அனுப்பினார். கடிதம் போனது போனதுதான். பிசியோவிடம் போகலாம் என்றால், 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப்பில் அது பெரும்பாலும் வராது, கைக்காசுதான். சரி, கிடக்கட்டும் என்று இதோடேயே வாழப் பழகியிருந்தேன். இரண்டு தலையணை வைத்து இடப்பக்கமே படுப்பது, விழித்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுவது, கீழே விழுந்ததைக் குனியாமல் முழங்காலை மடக்கி எடுப்பது, ராத்திரி பாத்ரூம் விளக்கை எரியவிட்டுப் படுப்பது.

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். தனியாகப் போகும் 45 வயது தாண்டிய பெண்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, அதில்தான் எனக்கும் கிடைத்தது. எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுக்கு மிடில் பெர்த். ‘அக்கா, கொஞ்சம்...’ என்று அவள் ஆரம்பிக்கும்போதே மாற்றிக் கொடுத்துவிட்டேன், யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். மிடில் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, புரளாமல் படுக்கவும் முடியாது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஆரம்பித்த சுற்றல், ஒவ்வொரு புரளலுக்கும் புதிதாக வந்தது. காலையில் ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரம் என்னை ஒரு பக்கமாக இழுத்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை வீட்டுக்கு விடவில்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலிலேயே சக்கர நாற்காலி. டொராண்டோவில் எமர்ஜென்சியில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகியவளுக்கு இதுவே சொர்க்கம் மாதிரி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது, ‘இன்ஷூரன்ஸ் இருக்கா மேடம்?’ வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். அதற்கப்புறம் எல்லாமே மளமளவென்று நடந்தது. பிரஷர், சுகர், இசிஜி. மூளைக்கு எம்ஆர்ஐ, கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர். ‘ஒரு நாள் அப்சர்வேஷன்ல வைச்சுக்கலாம்.’ டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்டேன். ‘ரிப்போர்ட் எல்லாம் வந்ததும் பார்ப்பாங்க மேடம்.’ எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எஸ்டிமேட் தாளை மட்டும் ஒரு பையன் தேடிக்கொண்டு வந்து கொடுத்தான். அதைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தலை சுற்றியது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் மைனி இஞ்சிச் சாறும் தேனும் கலந்து வைத்திருந்தாள். பித்தம் என்பது அவள் முடிவு. எதிர் வீட்டு அத்தை எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னாள். தெருமுனை மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்க்காமலேயே அண்ணனிடம் ஒரு அட்டை மாத்திரையைக் கொடுத்துவிட்டிருந்தார். இந்த வசதியை வெளிநாட்டில் கனவில்கூடப் பார்க்க முடியாது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அந்தக் காலத்து எங்கள் டாக்டர் இருந்திருந்தால் நாக்கை நீட்டச் சொல்லி, இமையை இழுத்துப் பார்த்து, சீட்டை உள்ளே கம்பவுண்டரிடம் அனுப்பியிருப்பார். பாட்டிலில் பேப்பர் வெட்டி ஒட்டிய அளவுக் கோடு, ரோஸ் கலர் மிக்சர். அவர் போய்ப் பல வருஷமாகிறது, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

மைனிதான் கடைசியில் சொன்னாள், அவள் அம்மாவுக்குப் பார்த்த காது டாக்டர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார் என்று. வீட்டு முன்னறைதான் கிளினிக். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் எழுத ஒரு அட்டெண்டர் அண்ணாச்சி. நாங்கள் போன நேரத்தில் கரண்ட் இல்லை. வெக்கையில் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், டொராண்டோ கிளினிக்கின் தரைவிரிப்பை நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் கொண்டுபோன கனடா காகிதங்களைத் தொடவே இல்லை. ‘எவ்வளவு நேரம் சுத்துது? செகண்டா, மணிக்கணக்கா? புரளும்போதா, சும்மா இருக்கும்போதா? காது கேட்கிறது குறைஞ்சிருக்கா? பேச்சு குளறிச்சா? ரெண்டு ரெண்டா தெரிஞ்சுதா? கை கால் மரத்துச்சா? பிடிக்காம நடக்க முடியுதா?’ கடைசி நான்கில் எதற்காவது வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் அவரே என்னை ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாராம், அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதால். இதை அவர் சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி மேல் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது. இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

‘படுங்க பார்ப்போம்’ என்றார். அப்போதுதான் சிக்கல். பரிசோதனைக் கட்டில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது, அதன் தலைமாட்டில் மருந்து சாம்பிள் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும், தொங்க இடமில்லை. ‘அண்ணாச்சி, கட்டிலை இழுக்கணும்.’ அண்ணாச்சி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். சிமெண்டுத் தரையில் இரும்புக் கால் கிறீச்சிட்டதில் வெளியே இருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அட்டை நழுவியது, கட்டில் ஆடியது. ‘இருங்கம்மா, ஏறாதீங்க’ என்று டாக்டரே முட்டி போட்டு உட்கார்ந்து அட்டையைத் திரும்பச் செருகினார். கனடாவில் எந்த ஸ்பெஷலிஸ்டும் எனக்காக முட்டி போட்டதில்லை.

உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சட்டென்று மல்லாத்தினார். தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. விசிறியோடு கூரை, கூரையோடு டாக்டர். அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ‘கண்ணை மூடாதீங்க. உங்க கண்ணைத்தான் நான் பார்க்கணும்.’ கண்மணி துடிக்கும் திசையை வைத்தே எந்தக் காது, உள்காதின் எந்தக் குழாய் என்று தெரிந்துவிடுமாம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, 1952லிருந்து இருக்கிறது. அதோடு சோதனை முடிந்தது, இனி வைத்தியம். கண் துடிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து தலையை இடப்பக்கம் திருப்பினார். அங்கேயும் காத்திருந்து, உடம்பையே இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்க வைத்தார். பிறகு மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். அவ்வளவுதான். ஊசி இல்லை, மிஷின் இல்லை.

உள்காதில் சுண்ணாம்பு மாதிரிக் குட்டிக் குட்டிப் படிகங்கள் இருக்கும், கால்சியம் கார்பனேட். அவை இருக்க வேண்டிய அறையை விட்டு அரைவட்டக் குழாய்க்குள் நழுவிவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் அங்கிருக்கும் திரவத்தைக் கலக்கிவிடும், மூளை ஏமாந்துவிடும். இந்தப் புரட்டல், கோலிக்குண்டைப் புதிர்ப் பெட்டியில் சாய்த்துச் சாய்த்துக் குழிக்குக் கொண்டுவருவது போலத்தான். அமெரிக்காவில் போர்ட்லாந்தில் இருந்த ஜான் எப்லி கண்டுபிடித்தது. ரொம்ப நாள் சக டாக்டர்களே நம்பவில்லை, 1992ல் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் பரவியதாம். அந்தக் கண்டத்திலேயே குடியிருக்கும் நான் அதைப் பாளையங்கோட்டைக்கு வந்து செய்துகொண்டேன்.

மாத்திரை எழுதவில்லை. ‘கல்லை மாத்திரையா நகர்த்தும்?’ என்றார். குமட்டலுக்கு மட்டும் வேண்டுமானால் இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம், தொடர்ந்து போட்டால் மூளை சமாளிக்கப் பழகுவது தள்ளிப்போகும். வைட்டமின் டி பார்த்துக்கொள்ளச் சொன்னார். குறைந்தவர்களுக்கு இது அடிக்கடி திரும்புமாம். கனடாக் குளிரில் வெயிலைப் பார்க்காத எனக்கு அது குறையாமல் எப்படி இருக்கும்? ‘திரும்ப வரும்மா, வந்தா பயப்படாதீங்க’ என்றும் சொன்னார். வீட்டில் எப்படிச் செய்துகொள்வது என்று அண்ணாச்சியைப் படுக்கவைத்துக் காட்டினார். தோளுக்கு அடியில் தலையணை வைத்தால் தலை தானாகப் பின்னால் தொங்கும், கட்டில் விளிம்பு தேவையில்லை. தலையணையே போதும் என்றால் கட்டிலை எதற்கு இழுத்தார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அண்ணனுக்குத்தான் திருப்தியில்லை. மாத்திரை எழுதாத டாக்டருக்கு எதற்கு ஃபீஸ் என்று வண்டியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஃபீஸ் என்னவோ டொராண்டோ பார்க்கிங் காசுக்குக் கீழே. அன்று ராத்திரி வலப்பக்கம் புரண்டேன், லேசாக ஒரு ஆட்டம், அதோடு சரி. இரண்டு நாள் தலை கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தது, அதுவும் போய்விட்டது. நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை நின்று நிதானமாக அண்ணாந்து பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: அங்கே சாயங்காலம் மட்டும்தான் பார்ப்பார், ஞாயிறு கிடையாது, டோக்கனைக் காலையிலேயே போய்ச் சொல்லிவைக்க வேண்டும். கார்டு எடுப்பதில்லை. வெறும் வயிற்றில் போகாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் போகாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது ரயிலில் லோயர் பெர்த்தை யாருக்கும் கொடுக்கவில்லை.