ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு உள்ளே: ஃபோம் பலகையா, மரநார்ப் பலகையா?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், வால்தம்ஸ்டோ பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் வாய்ப்பது 1890களிலும் 1900களிலும் கட்டிய டெரஸ் வீடுதான். தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகள். முன்னும் பின்னும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதற்குள் கேவிட்டி என்ற இடைவெளி கிடையாது. கேவிட்டி இருந்தால் அதில் பஞ்சை ஊதி அடைத்துவிட்டுப் போய்விடலாம். இங்கே அந்த வழி இல்லை என்பதால், சுவருக்கு இன்சுலேஷன், அதாவது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு, போட நினைப்பவர் வெளியே ஒட்டுவதா உள்ளே ஒட்டுவதா, உள்ளே என்றால் எந்தப் பலகை என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டின் முன்பக்க அறைகளுக்கு நாங்கள் மரநார்ப் பலகையும் (மர நாரை அழுத்திச் செய்தது) சுண்ணாம்புப் பூச்சும் போட்டோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்டில் 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன் பஞ்சு, கதவிடுக்கு, தரைப்பலகை இடுக்கு, பயன்படாத புகைபோக்கி வழியாக வரும் காற்றை அடைப்பது. காசு குறைவு, பலன் உடனே தெரியும். அதை முடிக்காமல் சுவரில் கைவைக்க வேண்டாம். டெரஸ் வீட்டில் இரண்டு பக்கமும் அண்டை வீடு இருப்பதால், லாஃப்டுக்குப் பிறகு வெப்பம் அதிகம் கசிவது முன்சுவர், பின்சுவர், பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைப் பகுதி ஆகியவற்றின் வழியாகத்தான்.

வெளிப்பக்கம் ஒட்டுவது கொள்கை அளவில் சிறந்தது. சுவர் முழுவதும் கதகதப்பான பக்கத்துக்கு வந்துவிடும், உள்ளே இடமும் குறையாது. ஆனால் முன்பக்கத்தில் அது பெரும்பாலும் நடக்காது. பே விண்டோ, செங்கல் அலங்காரம், நேரே நடைபாதையில் முடியும் சுவர், கன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றம் காக்கப்படும் பகுதி) என்றால் கவுன்சில் அனுமதி. அதோடு, அவசரமாகச் செய்தால் விளைவு மோசம். பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் அரசுத் திட்டத்தின் கீழ் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட நூற்றுக்கணக்கான வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் ஏறிய கதையை இத்துறையில் தெரியாதவர்கள் இல்லை. அண்மைய அரசுத் திட்டங்களைப் பற்றித் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் தந்த அறிக்கையில், வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்தே தீர வேண்டிய பெரிய குறைகள் என்று இருந்தது. உள்சுவருக்கு அது 29 விழுக்காடு. இந்த எண்களைப் பார்த்து உள்சுவரே பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. எதை ஒட்டினாலும் யார் ஒட்டுகிறார், சந்துபொந்தை எப்படி முடிக்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

சரி, உள்ளே ஒட்டுவது என்று வைத்துக்கொள்வோம். பொதுவாகக் கிடைக்கும் விலைமதிப்பீடு ஒன்றுதான்: இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய பிஐஆர் (பாலிஐசோசயனுரேட்) என்ற ஃபோம் பலகை, அதன்மேல் பிளாஸ்டர்போர்டு. எண்களில் அதுதான் முந்துகிறது. ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதுதான் யூ மதிப்பு. வெறும் ஒன்பது அங்குலச் சுவருக்கு அது ஏறத்தாழ 1.7. அதில் 60 மில்லிமீட்டர் பிஐஆர் ஒட்டினால் 0.3க்கு இறங்கும். அதே தடிமன் மரநார்ப் பலகை என்றால் 0.5 பக்கம்தான் வரும். மரநாரில் 0.3 வேண்டுமானால் 110 மில்லிமீட்டர் ஒட்ட வேண்டும். குறுகிய டெரஸ் வீட்டு அறையில் அது பெரிய இழப்பு.

ஆனால் அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். 1.7இலிருந்து 0.5க்கு வந்தாலே சுவர் வழியாகப் போகும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு நின்றுவிடுகிறது. 0.3 என்றால் பத்தில் எட்டுக்குச் சற்று மேல். ஒரு பங்குக்காகத்தான் இந்தப் போட்டி. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் எரிசக்திச் சேமிப்புக்கான பகுதியான பார்ட் எல் கேட்பது 0.30 என்றாலும், பழைய சுவரில் ஈர அபாயம் இருந்தால் அதைத் தளர்த்திக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலிடம் முன்கூட்டியே பேசி, காரணத்தை எழுத்தில் கொடுத்தால் போதும். விதி தெரியாமல், அனுமதியே கேட்காமல் செய்துவிட்டு, வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் காகிதம் கேட்கையில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஈரம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அறைக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே நீர் கோக்கும். வெளியே 5 டிகிரி இருக்கும் நாளில், இன்சுலேஷன் இல்லாத சுவரின் உட்புறம் 16, 17 டிகிரியில் இருக்கும். வீணாகும் வெப்பம்தான், ஆனாலும் அது சுவரை உலர வைத்துக்கொண்டிருந்தது. பலகையை ஒட்டியபின் அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல் முகம் 7, 8 டிகிரிக்குப் போய்விடும். பிஐஆர் ஒட்டினாலும் மரநார் ஒட்டினாலும் இதில் பெரிய மாற்றமில்லை. இரண்டிலும் சுவர் குளிரத்தான் செய்யும். குளிர்ந்த சுவரில் ஈரம் சேர்ந்தால் அது வெளியேற வழி இருக்கிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பிஐஆர் முறை நீராவியை உள்ளே விடவே கூடாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தாள் முழுதாக இருந்தால், இணைப்புகளை எல்லாம் டேப் போட்டு மூடியிருந்தால், அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் நம் வீட்டுச் சுவரில் சாக்கெட் இருக்கிறது, ரேடியேட்டர் குழாய் இருக்கிறது, மேல்தளத்தின் மர உத்திரங்கள் சுவருக்குள் செருகி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. போதாக்குறைக்கு நாளை யாராவது டிவி மாட்ட ஆணி அடிப்பார். சோறு கொதித்து, சாம்பார் கொதித்து, குளிர்காலம் முழுக்க துணியை உள்ளேயே காயப்போடும் வீட்டில் நீராவிக்குப் பஞ்சமே இல்லை. அது ஓட்டை வழியே போய்ப் பலகைக்குப் பின்னால் தண்ணீராகிவிட்டால், திரும்பி வர அலுமினியத் தாள் விடாது.

மழை இதைவிடப் பெரிய தலைவலி. செங்கல் மழையைக் குடித்து, பிறகு இரு பக்கமும் உலரும். உள்பக்கத்தை அடைத்துவிட்டால் ஒரே பக்கம்தான் மிச்சம். அந்தப் பக்கத்தையும் யாராவது சிமெண்ட் கலவையால் பாயிண்டிங் செய்து (செங்கல் இடுக்குகளைப் பூசி) வைத்திருந்தால் சுவர் நனைந்தே கிடக்கும். அதில் செருகியிருக்கும் உத்திர முனைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் உளுத்துப்போகத் தொடங்கும். பூச்சுக்கும் பலகைக்கும் பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தரை ஆட்டம் காணும்போதுதான் தெரியும்.

மரநார்ப் பலகை இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பழைய ஜிப்சம் பூச்சை உரித்து, செங்கலைச் சுண்ணாம்புக் கலவையால் சமப்படுத்தி, பலகையை இடைவெளியே இல்லாமல் அதன்மேல் அழுத்தி ஒட்டுகிறார்கள். மேலே மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சு, நம் ஊர்ப் பழைய வீடுகளின் காரையைப் போல. நார் ஈரத்தைத் தனக்குள் வாங்கிப் பரப்பி, அறை உலர்ந்திருக்கும்போது உள்பக்கமாகவே விட்டுவிடும். செய்பவர் கையில் சின்னச் சின்னக் குறை இருந்தாலும் சுவர் அதைத் தாங்கும். நூறு ஆண்டுக்கு மேலான வீட்டில் இந்தத் தாங்கும் குணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

1877இல் வில்லியம் மாரிஸ் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், இன்சுலேஷன் போட்ட சில பழைய வீடுகளின் சுவருக்குள் கருவி வைத்துப் பல ஆண்டுகள் அளந்தது. ஷ்ரூஸ்பரியில் 40 மில்லிமீட்டர் மரநார் ஒட்டிய செங்கல் சுவர் நன்றாகவே இருந்தது. டெவனில் ட்ரூஸ்டைன்டன் என்ற ஊரில் பிஐஆர் ஒட்டிய கருங்கல் சுவரில் ஈரப்பதம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நின்றது. ஒன்று செங்கல், மற்றது கருங்கல். டெவனில் மழையும் அதிகம். ஆகவே இதைச் சரிக்குச் சரியான போட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஈரம் போகும் வழியைப் பற்றிய கவலை வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இது போதும்.

மரநாரின் குறைகளும் உண்டு. எங்களுக்குக் கிடைத்த விலைமதிப்பீட்டில் அது பிஐஆரை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காத்திருக்க வேண்டும். பூச்சு உலர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அறையைப் புழங்க முடியாது. கனமான அலமாரி மாட்டுவதானால் எங்கே என்று முன்பே சொல்லி, அந்த இடத்தில் மரக்கட்டை பதிக்கச் சொல்லுங்கள். பராமரிப்பில் ஒன்றே ஒன்று முக்கியம்: கடையில் கிடைக்கும் வினைல் எமல்ஷனை அதன்மேல் அடிக்கவே கூடாது, ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். சிலிகேட் அல்லது களிமண் பெயிண்ட் மட்டும். வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் விற்பவர்களும் இதை எழுதியே கொடுத்துவிடுவது நல்லது.

ஒட்டும் வேலையையும் சேர்த்து ஒருவரிடம் ஒப்படைத்தால் 31 மார்ச் 2027 வரை இன்சுலேஷனுக்கு வாட் வரி கிடையாது. பலகையை மட்டும் நீங்களே வாங்கினால் 20 விழுக்காடு உண்டு. விலை வித்தியாசத்தைக் கணக்கிடும்போது இதையும் பாருங்கள்.

கரியமிலக் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபோம் பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து வருகிறது. மரநார் மரம் வளரும்போது உறிஞ்சிய கார்பனைச் சுவரிலேயே வைத்திருக்கிறது. வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு 0.3 கட்டாயம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. 0.5 சுவரும் சற்றுப் பெரிய ரேடியேட்டர்களும் இருந்தாலே குறைந்த சூட்டுத் தண்ணீரில் அறை கதகதப்பாகும். ஹீட் பம்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் கேஸ் பாய்லர்தான், ஆகவே இதைக் கணக்காகத்தான் சொல்கிறேன், அனுபவமாக அல்ல.

பிஐஆரே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புதிதாகக் கட்டும் லாஃப்ட் அறையின் கூரைச் சரிவில், ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியமான இடத்தில், நானும் அதைத்தான் போடுவேன். குளியலறைச் சுவரைப் பற்றி எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. எங்கள் பின்பக்கப் பகுதியும் பாக்கி. அங்கே அலங்காரம் எதுவும் இல்லாததால் வெளியே ஒட்டலாம் என்று எண்ணம். என் அனுபவம் லண்டன் மழைக்குள் அடங்கியது. வேல்ஸ், லங்காஷயர் மாதிரி மழைச்சாரல் சுவரில் அடிக்கும் ஊரில் இருப்பவர்கள், எந்தப் பலகையாக இருந்தாலும் ஈரக் கணக்குப் போடத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

எதை ஒட்டுவதற்கும் முன்னால், ஒரு கனமழையில் வெளியே நின்று சுவரைப் பாருங்கள். கூரைக்கால்வாய் வழிகிறதா, குழாய் ஒழுகுகிறதா, சிமெண்ட் பாயிண்டிங் வெடித்திருக்கிறதா. அவற்றைச் சரிசெய்து, பாயிண்டிங்கைச் சுண்ணாம்புக்கு மாற்றி, ஒரு கோடை முழுக்கச் சுவரை உலர விடுங்கள். மரத்தளத்துக்குக் கீழே காற்று போகும் ஏர் பிரிக்கை (ஓட்டையுள்ள செங்கல்) மறந்தும் அடைக்காதீர்கள். சமையலறையில் அடுப்பு மேலேயே விசிறி என்றால் வினாடிக்கு 30 லிட்டர், வேறிடத்தில் என்றால் 60, குளியலறையில் 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அந்த விசிறிகளை மாட்டிவிட்டு, பிறகு பலகைக்கு விலை கேளுங்கள்.