பிச்சாவரம் துடுப்புப் படகு: சருகு மக்குவதைப் பார்க்க ஏற்ற சவாரி

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் விசைப்படகைவிடத் துடுப்புப் படகையே நான் பரிந்துரைப்பேன். குறுகிய கால்வாய்களுக்குள் மெல்ல நுழைந்து, சேற்றில் படிந்து கிடக்கும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் இலைகளை அது மிக அருகில் காட்டுகிறது. மஞ்சளாய் உதிர்ந்த இலை கறுத்து, தொட்டால் நார்நாராய்ப் பிரிகிறது. அதன் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைப் பூஞ்சைகள் சிதைக்கச் சிதைக்க, எஞ்சும் சருகில் நைட்ரஜனின் பங்கு கூடி, அது சத்துள்ள இரையாகிறது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த சுரபுன்னை இலை மெதுவாகவும், இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலை விரைவாகவும் மக்குகின்றன. அந்த மக்கிய சருகையே மடவை மீன்களும் இறால் குஞ்சுகளும் மேய்கின்றன. உவர்நீர்க் குளங்களில் மடவை வளர்ப்போர் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி இது. ஆனால், இதைப் பார்த்து, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) வந்துபோகாத குளத்தில் சருகை அளவின்றிக் கொட்டினால் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். எங்கள் படகோட்டி, கேட்டவுடன் வேர்களின் ஓரமாகப் பொறுமையுடன் நிறுத்தினார். வெயிலேறுமுன் செல்வது நல்லது.