பேட்டைத் திடலில் வழுக்கும் பந்து

கூடைப்பந்தில், யாரும் தடுக்காமல் எறியும் ஃபிரீ த்ரோ கோட்டில் நின்று ஒருவர் நாலில் மூன்றைக் கோட்டைவிட்டால், சுற்றி நிற்பவர்கள் அவரைத்தான் வாட்டி எடுப்பார்கள். வளையம் மாட்டிய பலகை வெறும் 4.6 மீட்டர் தூரம்தான், கோபம் நியாயமே. ஆனால் அவர் கையில் இருப்பது ஆண்கள் ஆடும் 7ஆம் அளவு மைக்ரோஃபைபர் (செயற்கை நுண்ணிழைத் தோல்) பந்து என்றால், முதலில் திட்ட வேண்டியது பந்தை.

உள்ளரங்கில் அருமையான பந்து. அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே உள்ள சிமெண்டுத் திடலில்தான் தகராறு. சொரசொரப்பான தரை, மேல்தோலில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிமேடுகளைத் தேய்த்துவிடும். கறுப்புக் கோடுகளின் ஓரத்தைப் பாருங்கள், அங்கே பளபளப்பு தெரிந்தால் பிடி போய்விட்டது என்று அர்த்தம். மழை விட்ட கையோடு ஆடினால் தோல் ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும்; பந்து வளையத்தின் முன்விளிம்பிலேயே இடிக்கும்.

காற்றழுத்தம் 7 முதல் 9 பிஎஸ்ஐ (பம்பின் அளவுமானியில் தெரியும் அழுத்த அலகு) போதும். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் உச்சி 1.2 மீட்டரையாவது தொட வேண்டும். ஊசியை நனைக்காமல் குத்தாதீர்கள், வால்வு ரப்பர் கிழிந்துவிடும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது.

வெளித்திடலுக்கு ரப்பர் பந்தையே வாங்குங்கள். பிடி சற்று முரடு, விலையோ குறைவு. புழுதி படிந்தால் ஈரத்துணியால் ஒரு துடை, பழைய பிடி வந்துவிடும்.